வயலுக்குள் இருக்கும் தொல்மேடுகள்: நிலம் வைத்திருப்பவர்களும் உழுபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் மனிதர்கள் மண்ணை வெட்டிக் குவித்து எழுப்பிய ஈமமேடுகள், வட்டக் கரைகள், மலைக்கோட்டை அரண்கள், அவற்றைச் சுற்றி வெட்டிய அகழிகள் எல்லாம் இன்று பெரும்பாலும் யாரோ ஒருவரின் விவசாய நிலத்துக்குள்தான் கிடக்கின்றன. அவற்றைக் காப்பாற்றுவது அருங்காட்சியகக்காரர்கள் கையில் இல்லை. டிராக்டர் ஓட்டுபவர், மாடு மேய்ப்பவர், நிலத்தைக் குத்தகைக்கு விடுபவர் கையில்தான் இருக்கிறது. அதனால் கேள்விகளும் அவர்கள் கேட்பவைதான்.

என் நிலத்தில் ஒரு மேடு இருக்கிறது. இயற்கையானதா, மனிதர் எழுப்பியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தோண்டிப் பார்க்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆர்வத்தில் பலரும் முதலில் செய்வது அதைத்தான்.

வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில், அதாவது விடிந்த கொஞ்ச நேரத்திலோ பொழுது சாயும்போதோ போய்ப் பாருங்கள். உச்சி வெயிலில் கண்ணுக்கே படாத அரையடிப் புடைப்பும் அப்போது நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். மேட்டைச் சுற்றி லேசான பள்ளம் ஓடுகிறதா, கரை ஒரே சீராக வளைகிறதா, வாசல் மாதிரி ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கிறதா என்று கவனியுங்கள். பழைய நில வரைபடங்கள், வயலுக்கு ஊரார் வைத்த பெயர், செயற்கைக்கோள் படங்கள் எல்லாமே உதவும். விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் லைடார் படங்கள் பல நாடுகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மழை பொய்த்த வருடத்தில் பயிரே காட்டிக்கொடுத்துவிடும். தூர்ந்துபோன பழைய அகழியில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருப்பதால் அதன் மேல் நிற்கும் பயிர் மட்டும் பச்சையாக, உயரமாக வளரும். சுற்றிலும் உள்ளது வாடி மஞ்சளாகும். இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே இருக்கும் வுட்ஹெஞ்சை 1925-ல் இன்சால் என்ற விமானப்படை அதிகாரி வானிலிருந்துதான் கண்டார். உழுது கரைந்துபோன சாதாரண மேடு என்று நினைத்துவந்த இடம் அது. அடுத்த கோடையில் கோதுமை வளர்ந்து நின்றபோது உள்ளே வளையம் வளையமாகப் புள்ளிகள் தெரிந்தன, அத்தனையும் மரத்தூண்கள் நின்ற குழிகள். அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற கற்கால ஈமமேட்டின் பக்கத்தில் 2018 ஜூலை வறட்சியின்போது டிரோன் பறக்கவிட்டவர்கள் ஒரு வயலில் அதுவரை யாருக்கும் தெரியாத பெரிய வட்ட அமைப்பைப் பார்த்தார்கள். வறட்சி முடிந்து மழை பெய்தால் இந்தத் தடங்கள் மறைந்துவிடும். அதனால் கண்ணில் பட்டவுடன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தொல்லியல் துறைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ சொல்லுங்கள். காந்தப்புல அளவைக் கருவியோடு வயலில் நடந்தே, ஒரு கைப்பிடி மண்ணைக்கூட எடுக்காமல் அடியில் இருப்பதன் வரைபடத்தைப் போட்டுத் தந்துவிடுவார்கள்.

தாத்தா காலத்திலிருந்து இதன் மேல் உழுதுகொண்டுதான் இருக்கிறோம். இன்னும் நிற்கிறதே, பிறகென்ன ஆபத்து?

மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், தாத்தா உழுத உழவும் இன்றைய உழவும் ஒன்றல்ல. விலங்குகள் இழுத்த கலப்பை மேல்மண்ணைக் கீறிவிட்டுப் போனது. இன்றைய டிராக்டர் இழுக்கும் இறக்கைக் கலப்பை 20 முதல் 30 சென்டிமீட்டர் வரை வெட்டி மண்ணைப் புரட்டிப் போடுகிறது. இறுகிப்போன அடிமண்ணைப் பிளக்க ஓட்டும் உளிக்கலப்பை போன்றவை அதற்கும் கீழே போகின்றன. பல நூற்றாண்டுகள் மாட்டு ஏருக்கும் குதிரை ஏருக்கும் தாக்குப்பிடித்த மேடு பத்து இருபது வருட டிராக்டர் உழவில் தரைமட்டமாகிவிடுவது இப்படித்தான்.

இரண்டாவது, "நான் ஆழத்தை மாற்றவே இல்லை, அதே ஆழத்தில்தான் உழுகிறேன்" என்று சொல்பவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் மேட்டின் மேல் அந்தக் கணக்கு எடுபடாது. சரிவில் ஒவ்வொரு முறை உழும்போதும் கொஞ்சம் மண் கீழ்நோக்கி நகர்கிறது. மழை வேறு இருப்பதை வழித்துக்கொண்டு போகிறது. மேட்டின் தலை தேய்கிறது, சுற்றியுள்ள பள்ளம் நிரம்புகிறது. அடுத்த வருடம் கலப்பை அதே 25 சென்டிமீட்டர்தான் இறங்கும், ஆனால் தரையே இறங்கிவிட்டதால் இதுவரை கலப்பை தொடாத ஒரு புது அடுக்கைக் கடிக்கும். தச்சர் இழைப்புளி ஓட்டுவதைப் போல, ஒவ்வொரு தடவையும் மெல்லிய சீவல்தான் போகிறது. பலகை மட்டும் தேய்ந்துகொண்டே வருகிறது. மேல்மண்ணின் ஆழம் மாறாமல் இருப்பதால் உழுபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரு நாள் கலப்பையில் சுண்ணாம்பு மண்ணோ செங்களிமண்ணோ எலும்போ வரும்போது மேட்டின் கடைசி அடுக்கு போய்க்கொண்டிருக்கும்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஹோப்டன் என்ற இடத்தில் சுமார் 2000 ஆண்டுகள் பழமையான மண்சுவர்கள் இருக்கின்றன. 1840-களில் ஸ்குவையர், டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்தபோது சதுரச் சுவரின் உயரம் 12 அடி என்று எழுதிவைத்தார்கள். அதற்குப் பிறகு அது உழவு நிலமாகவே இருந்தது. இன்று பல இடங்களில் லேசான புடைப்புதான் மிச்சம். கெட்ட எண்ணத்தோடு யாரும் இடிக்கவில்லை, அவரவர் தன் நிலத்தை உழுதார், அவ்வளவுதான். 1990-களில் இங்கிலாந்தில் நடத்திய ஒரு பெரிய கணக்கெடுப்பு, 1945-க்குப் பிறகு சராசரியாக நாளுக்கு ஒரு தொல்சின்னம் அழிந்திருக்கிறது என்று சொன்னது. எல்லாமே உழவால் போனவை அல்ல, கட்டடமும் சாலையும் கல்குவாரியும் சேர்த்துத்தான். ஆனால் உழவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

மேடுதானே? வெறும் மண்ணில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

மேட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட பழைய தரைதான் பெரிய பொக்கிஷம். மண்ணைக் குவித்த அன்று அந்த இடம் காடாக இருந்ததா, புல்வெளியா, பயிர் நிலமா என்பதை அந்தத் தரையில் புதைந்த மகரந்தத் துகள்களும் நத்தை ஓடுகளும் சொல்லும். இங்கிலாந்தின் ஏவ்பரி என்ற ஊர் அருகே சவுத் ஸ்ட்ரீட் என்ற நீள்மேட்டை 1960-களில் அகழ்ந்தபோது, அடியில் குறுக்கும் நெடுக்குமாக உழவுச் சால்கள் கிடைத்தன. புதிய கற்காலத்து விவசாயி தன் மரக்கலப்பையால் கீறிய கோடுகள் அவை. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பத்திரமாக இருந்ததற்குக் காரணம் அவற்றின் மேல் மேடு இருந்ததுதான். மேட்டை இழந்தால் முதல் விவசாயிகள் உழுத தடத்தையே இழக்கிறோம், அதையும் உழுதே இழக்கிறோம். எனக்கு இது சாதாரண விஷயமாகப் படவில்லை.

எங்கள் வயலில் எல்லாம் தட்டையாகிவிட்டது. இனிக் காப்பாற்ற என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. மேலே தெரிந்த மண் போயிருக்கலாம், ஆனால் அகழியின் அடிப்பகுதி, தூண்குழிகள், புதைகுழிகள் எல்லாம் உழவு மண்ணுக்குக் கீழே இருக்கும். ஒஹையோவில் சில்லிகாத்தே ஊருக்கு அருகே ஜங்ஷன் குரூப் என்ற மண்கரைத் தொகுதி பல தலைமுறைகளாக உழுது உழுது கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது. 2005-ல் காந்தப்புல அளவை செய்தபோது அகழிகளின் வடிவங்கள் அப்படியே தெரிந்தன. அவற்றில் ஒன்று, பழைய வரைபடத்தில் சதுரம் என்று போட்டிருந்தது, உண்மையில் நான்கு இதழ் கொண்ட பூ வடிவத்தில் இருந்தது. 2014-ல் அந்தப் பண்ணை ஏலத்துக்கு வந்தபோது பாதுகாப்பு அமைப்புகள் அவசரமாகப் பணம் திரட்டி வாங்கின. தட்டை நிலம் என்று விட்டிருந்தால் வீடுகள் வந்திருக்கும்.

அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் பாவர்ட்டி பாயின்ட் என்ற இடத்தில் அரைவட்டமாக அடுக்கியிருக்கும் ஆறு மண்வரப்புகளும் உழவில் தேய்ந்தவைதான். அவற்றின் முழு வடிவத்தை 1950-களில் வான்படங்களைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள். 2014-ல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமானது. ஜெர்மனியின் கோசெக் வட்டம் என்ற வட்ட அகழி அமைப்பு, சுமார் 6900 ஆண்டுகள் பழையது, அதையும் 1991-ல் வானிலிருந்து பயிர்த் தடமாகத்தான் கண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தட்டையாகிவிட்ட இடத்துக்குத்தான் ஆபத்து அதிகம். மேடு தெரிந்தால் டிராக்டர் ஓட்டுபவர் கொஞ்சம் தயங்குவார். எதுவும் தெரியாத இடத்தில் குழாய் பதிக்கவும் உளிக்கலப்பை ஓட்டவும் யாரும் யோசிப்பதில்லை.

சரி, நான் என்ன செய்யவேண்டும்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

உழவை நிறுத்திவிட்டுப் புல் வளர விடுங்கள்.

புல் மட்டும் எப்படிக் காப்பாற்றும்?

இங்கிலாந்தின் ஓவர்டன் டவுனில் 1960-ல் தொல்லியலாளர்கள் ஒரு சோதனைக்காகப் புதிதாகவே ஒரு மண்கரையும் அகழியும் உருவாக்கினார்கள். 2, 4, 8, 16, 32, 64, 128 ஆண்டுகளில் குறுக்கே வெட்டிப் பார்ப்பது என்று திட்டம். தொடங்கியவர்கள் உயிரோடு இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தே தொடங்கிய ஆராய்ச்சி அது. கரை அமுங்குவதும் ஓரம் சரிந்து அகழி தூர்வதும் பெரும்பாலும் ஆரம்ப வருடங்களிலேயே நடந்துவிட்டன. செடிகொடி படர்ந்து மூடியதும் மாற்றம் மிகவும் மெதுவாகிவிட்டது. புல் மூடிய மேடு ஆயிரக்கணக்கான வருடம் நிற்பதன் ரகசியம் இதில் விளங்குகிறது. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, மழைத்துளி நேராக மண்ணில் அடிப்பதில்லை, தண்ணீர் வழிந்தாலும் மண்ணை எடுத்துப் போவதில்லை.

ஸ்டோன்ஹெஞ்சைச் சுற்றியுள்ள நிலத்திலேயே உழவு வயல்கள் பலவற்றைப் புல்வெளியாக மாற்றியிருக்கிறார்கள். புல் விதைக்க நிலத்தைத் தயார் செய்கிறேன் என்று கடைசியாக ஒரு ஆழ உழவு போட்டுவிடாதீர்கள். மேலாகக் கீறி விதைத்தால் போதும்.

புல்லாக்கிவிட முடியாத நிலைமை. உழாமல் விதைக்கும் முறை போதுமா?

புல் அளவுக்கு இல்லை. ஆனால் புரட்டிப் போடும் உழவை விட எவ்வளவோ மேல். நேரடி விதைப்புக் கருவி மண்ணில் சின்னக் கீறல் மட்டும் போடுகிறது, சரிவில் மண் நகர்வதும் மிகவும் குறையும். இங்கிலாந்தில் அரசு மானியத் திட்டத்திலேயே இரண்டு வழிகளும் இருக்கின்றன: தொல்சின்னம் இருக்கும் பகுதியைச் சாகுபடியிலிருந்தே விலக்குவது ஒன்று, புரட்டாமல் மேலோட்டமாக மட்டும் உழுவது இன்னொன்று.

கவனிக்க வேண்டியவை இரண்டு. சில வருடம் உழாமல் விட்டுவிட்டு, களை மிஞ்சிப்போனது என்று ஒரே ஒரு முறை ஆழ உழுதாலும் அத்தனை வருடப் பலனும் போய்விடும். அடுத்தது, எடை. ஈர நிலத்தில் கனமான அறுவடை எந்திரமும் டிரெய்லரும் ஏறினால் அடியில் இருக்கும் பானைகள் நசுங்கும், அடுக்குகள் குழம்பும். பிறகு மண் இறுகிவிட்டது என்று உளிக்கலப்பை தேடவேண்டி வரும். வண்டி போகும் பாதையை மேட்டை விட்டு விலக்கிப் போடுங்கள். உருளைக்கிழங்கு, கிழங்கு வகைகள், மண்ணைச் சலித்துக் கல் பிரித்துப் பாத்தி கட்டும் பயிர்கள் எதுவும் அந்த இடத்தில் வேண்டவே வேண்டாம்.

மேட்டைச் சுற்றி எவ்வளவு இடம் விடவேண்டும்?

டென்மார்க்கில் கண்ணுக்குத் தெரியும் ஈமமேடுகள் எல்லாம் 1937 முதலே சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. இப்போதைய சட்டப்படி அடிவாரத்திலிருந்து 2 மீட்டருக்குள் உழவோ உரமோ நடவோ கூடாது. நல்ல விதி, ஆனால் அதைக் குறைந்தபட்சம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியாத அகழி அதற்கப்பாலும் ஓடலாம். இரண்டு மேடுகளுக்கு நடுவே இருக்கும் சமதரையில் மேடு எழுப்பாத புதைகுழிகள் இருப்பதும் உண்டு. அளவை செய்து பார்த்துவிட்டு எல்லை போடுவது நல்லது. அதுவரை தாராளமாகவே விடுங்கள். வட்டமாக விட்டால் டிராக்டர் திருப்புவது கஷ்டம் என்றால் சதுரமாக விட்டுவிடுங்கள், உங்களுக்கும் வேலை சுலபம், மேட்டின் காலையும் வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்காமல் இருக்கும்.

ஆடு மாடு மேய்க்கலாமா?

மேய்க்கலாம். மேய்ப்பதுதான் நல்லதும்கூட, இல்லையென்றால் புதர் மண்டிவிடும். செம்மறியாடு எடை குறைவு, புல்லைச் சீராகக் கடிக்கும். டார்செட்டில் இருக்கும் மெய்டன் காசில் என்ற பிரம்மாண்டமான மலைக்கோட்டையின் அரண்களில் செம்மறிகள்தான் மேய்கின்றன. மாடு என்றால் ஈரக் காலத்தில் ஏற்றாதீர்கள். சரிவில் குளம்பு வழுக்கி ஒரு முறை புல் பிய்ந்தால், அந்த மண் தெரியும் காயத்தில் ஆடுகள் ஒதுங்கிப் படுத்து உராய்ந்து பெரிதாக்கிவிடும், அப்புறம் மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர்த் தொட்டி, தீவனத் தொட்டி, உப்புக்கட்டி, நிழல் பந்தல், வாயில் எதையும் மேட்டின் மேலோ ஓரத்திலோ வைக்காதீர்கள். கால்நடை ஓரிடத்தில் கூடுவதுதான் பெரிய சேதத்துக்குக் காரணம், எண்ணிக்கை அதற்கு அடுத்துதான்.

மேட்டின் மேல் மரங்கள் நிற்கின்றன. வெட்டவா?

புதிதாக நடாதீர்கள். தானாக முளைக்கும் கன்றுகளைச் சின்னதாக இருக்கும்போதே அறுத்துவிடுங்கள். பெரிய மரம் என்றால் யோசித்துச் செய்யவேண்டும்: வேர் அடுக்குகளைக் குலைக்கும் என்பது உண்மை, ஆனால் அதை விடப் பெரிய பயம் புயலில் மரம் சாய்ந்து வேரோடு ஒரு லாரி மண்ணைப் பெயர்த்துக்கொண்டு வருவது. சாயும் நிலையில் இருப்பதை அறுங்கள், மற்றவற்றின் கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறையுங்கள். எதை வெட்டினாலும் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு அடிக்கட்டையை அப்படியே மக்க விடுங்கள். கட்டையைப் பிடுங்குவதும் மேட்டின் மேல் குப்பை எரிப்பதும் கூடாது.

முயல், பேட்ஜர் (ஐரோப்பாவில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் விலங்கு) போன்றவை வளை தோண்டுகின்றனவே?

உழவு நின்ற இடத்தில் அடுத்த தொல்லை இதுதான். பயிர் வயலுக்கு நடுவே தண்ணீர் தேங்காத, மண் இளகிய ஒரே இடம் அந்த மேடுதான் என்றால் விலங்கு வேறெங்கே போகும்? ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து சில மைல் தொலைவில் நெதராவன் அருகே வெண்கலக் கால ஈமமேடு ஒன்றில் பேட்ஜர்கள் தோண்டித் தள்ளிய மண்ணோடு ஈமத்தாழியின் உடைந்த துண்டுகளே வெளியே வந்தன. பிறகு அங்கே முறையாக அகழாய்வு செய்யவேண்டி வந்தது. புதரை ஒழுங்காக வைத்திருந்தால் முயல்கள் ஓரளவு குறையும். புல்லுக்கு அடியில் கம்பிவலை விரிப்பதும் வேலை செய்கிறது. ஆனால் பேட்ஜரைத் தொடுவதற்கு பிரிட்டனில் தனி உரிமம் வேண்டும், 1992-ம் வருடச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. உங்கள் நாட்டில் எந்த விலங்குக்கு என்ன சட்டம் என்று பார்த்துவிட்டே கை வையுங்கள்.

வடிகால் போடுவதில் என்ன இருக்கிறது? மேட்டைத் தொடவே இல்லையே.

அகழியின் அடியில் எப்போதும் நீர் ஊறியிருந்தால் காற்று புகாது; அதனால்தான் மரம், தோல், விதை, மகரந்தம் எல்லாம் மக்காமல் இருக்கின்றன. பக்கத்து வயலில் வடிகால் வெட்டி நீர்மட்டம் இறங்கினால், யாரும் தொடாமலே அத்தனையும் மக்கிப்போகும். யார்க்ஷயரில் ஸ்டார் கார் என்ற இடைக்கற்காலக் களத்தில் இதுதான் நடந்தது. அது மேடு அல்ல, கரிச்சேற்று நிலம், ஆனால் பாடம் ஒன்றே: நீர் இறங்கியதும் மண் கடும் அமிலமாகி, எலும்புகள் கொழகொழத்துப் போயின.

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பதிவு செய்தால் நிலம் கையை விட்டுப் போய்விடுமா?

பயப்படும் அளவுக்கு இல்லை, நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1882-லேயே முதல் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் இப்போது நடப்பது 1979-ம் வருடச் சட்டம். பட்டியலில் சேர்த்தாலும் நிலம் உரிமையாளருடையதுதான், பொதுமக்கள் யாரும் கேட்காமல் உள்ளே வரவும் முடியாது. அனுமதி இல்லாமல் சிதைப்பதுதான் குற்றம். 2011-ல் சாமர்செட்டில் பிரிடி வட்டங்கள் என்ற பழைய மண்கரை வட்டங்களில் ஒன்றை எந்திரம் விட்டுக் கலைத்ததற்கு அபராதத்தோடு சீரமைப்புச் செலவும் கட்டவேண்டி வந்தது. ஆனால் அதே சட்டத்தின் கீழ், ஏற்கெனவே உழுதுவந்த இடத்தில் அதே மாதிரி, அதே ஆழத்தில் தொடர்ந்து உழுவதற்கு அனுமதி உண்டு. அதே ஆழம் என்பது மேட்டின் மேல் எப்படி ஏமாற்றும் என்று மேலே சொன்னேன். அதனால் இந்த விலக்கு எனக்கு ஏற்புடையதல்ல. சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே மேட்டுக்கு ஆபத்தில்லை என்று ஆகிவிடாது.

அமெரிக்காவில் தனியார் நிலத்தில் இருக்கும் மண்மேடுகளுக்கு மத்திய அரசுச் சட்டப் பாதுகாப்பு பெரிதாகக் கிடையாது. அதனால்தான் அங்கே நிலத்தையே வாங்கிவிடுவது, அல்லது உரிமையாளரோடு நிரந்தர ஒப்பந்தம் போடுவது என்ற வழியில் போகிறார்கள். இப்படி வாங்கும் வேலையை ஆர்க்கியலாஜிக்கல் கன்சர்வன்சி என்ற அமைப்பு 1980 முதல் செய்துவருகிறது.

என் வருமான இழப்புக்கு யார் பதில் சொல்வார்கள்?

நியாயமான கேள்வி. ஊருக்கெல்லாம் சொந்தமான ஒன்றை உழவர் மட்டும் தன் கைக்காசில் காப்பாற்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியே இல்லை. மானியத் திட்டம் இருக்கும் நாடுகளில் கேட்டு வாங்குங்கள். இல்லாத இடத்தில் வயலிலேயே வழி தேடலாம்: தேய்ந்த மேட்டின் தலையில் மண் வளம் போய் விளைச்சல் எப்படியும் குறைவாகத்தான் இருக்கும். அந்தத் துண்டைப் புல்லுக்கு விட்டு, மேய்ச்சலுக்கோ தேனீக்கும் பூச்சிகளுக்குமான பூச்செடிகளுக்கோ பயன்படுத்துபவர்கள் பலர். இழப்பு நினைத்ததை விடக் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மொத்தமாகத் தோண்டி எடுத்து மியூசியத்தில் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

தோண்டினால் பொருள் கிடைக்கும், இடம் போய்விடும். சரியாக மூடாத அகழ்வு மேட்டையே கொன்றுவிடும். இங்கிலாந்தில் ஏவ்பரி அருகே மனிதர் எழுப்பிய குன்றான சில்பரி ஹில்லில் 1776-ல் உச்சியிலிருந்து தோண்டிய குழி 2000-ல் உள்வாங்கியது. அப்போது ஆராய்ந்ததில் பழைய சுரங்கங்களும் ஒழுங்காக நிரப்பப்படவில்லை என்று தெரிந்தது. 2007, 2008-ல் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டுபோய் அடைத்துத்தான் குன்றைக் காப்பாற்றினார்கள். வேறு வழியே இல்லாதபோது அகழ்வது வேறு. மற்றபடி, நம்மை விட நல்ல கருவியோடு வருபவர்களுக்காக விட்டுவைப்பதே முறை.

மெட்டல் டிடெக்டரோடு ஆட்கள் வந்து கேட்கிறார்கள்.

மேட்டின் மேலும் அதன் சுற்றிலும் விடாதீர்கள். டென்மார்க்கில் பாதுகாக்கப்பட்ட மேட்டிலும் அந்த 2 மீட்டர் வளையத்திலும் தடை, இங்கிலாந்தில் பட்டியலிட்ட இடங்களில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தினால் குற்றம். இரவில் வந்து தோண்டிய குழிகளைப் பார்த்தால் மூடிவிடாமல் படம் எடுத்துப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

உழும்போது எலும்போ பானையோ வந்துவிட்டது. இப்போது?

வண்டியை நிறுத்துங்கள். பொருளைக் கழுவ வேண்டாம், இடத்தைக் குச்சி நட்டுக் குறித்து, போனில் படமும் இருப்பிடமும் பதிவு செய்யுங்கள். மனித எலும்பாகத் தெரிந்தால் பல நாடுகளில் போலீசுக்குச் சொல்வது கட்டாயம். அப்புறம் தொல்லியல் துறை. இப்படி ஒன்று வந்தது என்றாலே கலப்பை புது அடுக்கைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், அடுத்த போகத்துக்கு முன்னால் அந்தத் துண்டைப் பற்றி முடிவு எடுத்தாக வேண்டும்.

தேய்ந்த மேட்டில் மண் கொட்டிப் பழையபடி உயர்த்தலாமா?

நீங்களாகச் செய்யாதீர்கள். கால்நடை மிதித்த காயம், வளை விழுந்த பள்ளம் போன்றவற்றை வல்லுநர் துணையோடு நிரப்பலாம்: முதலில் ஒரு துணி விரிப்பு, அதன் மேல் வெளியிலிருந்து கொண்டுவந்த சுத்தமான மண், மேலே புல்தரை. துணி எதற்கு என்றால், நாளை யாராவது தோண்டினால் எது பழையது, எது நாம் போட்டது என்று தெரியவேண்டும். பக்கத்து அகழியிலிருந்து மண் எடுத்துப் போடுவது மட்டும் கூடவே கூடாது. ஒஹையோவில் காணாமல்போன சுவர்களைக் காட்ட எளிய வழி ஒன்று வைத்திருக்கிறார்கள்: சுவர் இருந்த கோட்டில் புல்லை ஒரு உயரத்திலும் சுற்றிலும் இன்னொரு உயரத்திலும் வெட்டுகிறார்கள். மண்ணைத் தொடாமலே பழைய வடிவம் கண்ணுக்குத் தெரிகிறது.

நிலத்தை அடுத்த வருடம் குத்தகைக்கு விடப்போகிறேன். என்ன சொல்லிவிட்டுப் போகவேண்டும்?

வாயால் சொன்னது டிராக்டர் டிரைவர் வரை போய்ச் சேராது. குத்தகைப் பத்திரத்திலேயே எழுதுங்கள்: இந்த எல்லைக்குள் உழவு, வடிகால், குழாய், மண் எடுப்பு எதுவும் இல்லை. வரைபடம் ஒன்று இணைத்துவிடுங்கள். வயலில் எல்லையின் மூலைகளில் உயரமான கம்பங்கள் நடுங்கள், இரவு அறுவடையிலும் கண்ணில் படவேண்டும். கம்பத்துக்குக் குழி மேட்டில் அல்ல, எல்லைக்கு வெளியே. ஜி.பி.எஸ். வைத்து ஓடும் டிராக்டர் என்றால் அதே எல்லையை அதிலும் ஏற்றச் சொல்லுங்கள். வருடம் ஒரு முறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் மேட்டைப் படம் எடுத்து வாருங்கள். தேய்கிறதா இல்லையா என்ற சண்டை வரும்போது அந்தப் படங்கள் போதும்.